நாலும் ஏழும்

ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். எழுந்து உட்காருவான். ஆறு இருபதுக்கு இன்னொன்று அடிக்கும். அது அவன் மனைவியுடையது. தன் போனில் வைத்தால் தூக்கத்திலேயே அணைத்துவிடுவாள் என்பதால் அவன் போனில் வைத்திருந்தாள். அதையும் அவனே அணைப்பான். பல் தேய்ப்பான். அடுப்பில் பால் வைத்து, பொங்கும் முன் இறக்குவான். காப்பி, இரண்டு துண்டு ரொட்டி. டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். குளிப்பான். நேற்றைய சட்டை நாறவில்லையென்றால் அதையே மாட்டிக்கொள்வான். கேஸை மூடினேனா என்று வாசலிலிருந்து ஒருமுறை திரும்பி வந்து பார்ப்பான். மூடித்தான் இருக்கும். ஏழு ஐம்பது பேருந்து. எட்டரைக்கு ஆய்வகம்.

மூன்று மாதமாக இதில் இம்மி பிசகவில்லை. "பரவாயில்ல, தேறிட்டான்" என்று எதிர்வீட்டுக்காரர் மாடிப்படியில் யாரிடமோ சொன்னது அவன் காதிலும் விழுந்தது. மறுக்கத் தோன்றவில்லை. மறுத்தால் பேச வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை. பிலிம் கழுவும் நாள்.

"மாப்பிள்ளை எலி வெட்டுறாரு" என்றுதான் அவன் மாமியார் உறவுக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். பொய்யில்லை. சுண்டெலியின் மூளையை உறையவைத்து, தலைமுடியின் கனத்தில் கால்வாசிக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது அவன் வேலை. சீவிய பிறகு அதில் ஏற்பிகளை எண்ண வேண்டும். மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புகிறது. வாங்கிக்கொள்ள எதிரே கை நீட்டியிருப்பது ஏற்பி. கை குறைந்தால் செய்தி கீழே கொட்டிப்போகும். ஒரு குறிப்பிட்ட மரபணு கெட்டுப் பிறக்கும் எலிகளுக்கு, 'அடங்கு' என்கிற செய்தியை வாங்கும் ஏற்பிகள் பாதிக்குப் பாதி குறைவு. அதனால் மூளை அடங்காமல் கத்திக்கொண்டே இருக்கும். எலி தன் முன்னங்கால்களை ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

அதே மரபணு கெட்டுப் பிறக்கிற குழந்தைகளும் உண்டு. அதில் ஒருத்தியை அவனுக்கு நன்றாகத் தெரியும். மனைவியின் தங்கை மகள். வீட்டில் மைனா என்று கூப்பிடுவார்கள். ஒன்றரை வயதில் ஓயாமல் பேசியதால் வந்த பெயர். இப்போது ஆறு வயது. பேச்சு போய் நாலரை வருடமாகிறது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. மைனாவும் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

அவனும் மனைவியும் இந்த ஆய்வகத்துக்கு வந்தது மைனாவுக்காக அல்ல. மைனா பிறக்கும் முன்பே இருவரும் இங்கே எலிகளோடுதான் இருந்தார்கள். பிள்ளைக்கு நோயின் பெயரைச் சொன்ன அன்று மனைவி வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல், "நம்ம எலிங்களோட வியாதி" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆய்வகம் போக ஆரம்பித்தாள்.

மருந்து ஒன்று இருந்தது. வேறு நோய்க்காகப் பல வருடமாகக் கடையில் விற்கும் மாத்திரைதான். அது ஏற்பிகளைத் திரும்ப முளைக்க வைக்கலாம் என்று பேராசிரியர் சந்தேகப்பட்டார். நல்லது செய்யுமோ இல்லையோ, கெட்டது செய்யும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கல்லீரலைப் பதம் பார்க்கும். மைனாவைப் பார்க்கும் குழந்தை மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். எலியில் தெளிவான விடை வந்தால் எழுதித் தருகிறேன். வராவிட்டால் ஒரு மாத்திரைகூடக் கிடையாது.

அந்த விடைக்காகத்தான் எட்டு எலிகள். எட்டும் மரபணு கெட்டவை. நாலுக்கு இரண்டு வாரம் மருந்து ஊசி, நாலுக்கு வெறும் உப்புநீர். ஊசி போட்டது அவன் மனைவி. பதினைந்தாம் நாள் எட்டு மூளைகளையும் எடுத்து, குப்பிகளில் போட்டு, எண்ணுக்குப் பதிலாக எழுத்து ஒட்டி, உறைபெட்டியில் வைத்ததும் அவள்தான். எந்த எழுத்து எந்த எலி, எதற்கு மருந்து, எதற்கு உப்புநீர் என்ற பட்டியலை முதல் நாளே உறையில் போட்டு ஒட்டிப் பேராசிரியரின் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். எண்ணப்போகிறவனுக்கு எது எதுவென்று தெரியக்கூடாது என்பது இந்தத் தொழிலின் கட்டுப்பாடு. தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால் வீட்டில்கூட அந்தப் பட்டியலைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. ஒருமுறை சும்மா கேட்டதற்கு, "சம்பளம் வாங்குறல்ல, எண்ணு" என்றாள்.

கடைசிக் குப்பியை வைத்துவிட்டுக் கை கழுவும் தொட்டி அருகில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மருத்துவமனையில் ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி விளக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று அவன் கைகாட்டினான். ஸ்கேனில் ரத்தம் வெள்ளையாகத் தெரியும். எங்கே வெள்ளை இருக்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

முப்பத்தொரு வயது. மறுநாள் காலை எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்து, அவள் வைத்த எட்டு மூளைகளையும் அவனே சீவினான். கதிரியக்கக் குறி சேர்த்த திரவத்தில் தகடுகளை ஊறவைத்தான். அது ஏற்பிகளில் மட்டும் போய் ஒட்டும். பிறகு பிலிமோடு சேர்த்து அழுத்தி, பெட்டியில் பூட்டி, இருட்டில் வைக்க வேண்டும். எட்டு வாரம். ஏற்பி அதிகமுள்ள இடத்தில் பிலிம் கறுக்கும். அந்த எட்டு வாரமும் யாரும் எதையும் அவசரப்படுத்த முடியாது. அது அவனுக்குத் தோதாக இருந்தது.

செவ்வாய் காலை இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுப் பெட்டியைத் திறந்தான். கழுவினான், உலர்த்தினான். எட்டு மூளைகளும் சாம்பல் நிழல்களாக வரிசையில் வந்தன. நாலு கறுப்பு, நாலு வெளிர். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கருவியில் அளந்து முடிக்கப் புதன் மதியம் ஆனது.

பேராசிரியர் உறையைக் கத்தரித்தார். ஐம்பத்தைந்து வயது அம்மாள். கண்ணாடி எப்போதும் தலைமேல் இருக்கும், எப்போதும் அதைத் தேடிக்கொண்டிருப்பார். மனைவியின் கையெழுத்தை அவர் படிக்க, அவன் எழுதினான்.

"எஃப். மூணாம் எலி. மருந்து."

"ஏற்பி ஏறியிருக்கு மேடம்."

"பி. அஞ்சு. சலைன்."

"ஏறல."

"சரி. எச். எட்டு. மருந்து."

"ஏறியிருக்கு."

பேராசிரியரின் குரல் சற்று மேலே போனது. அடுத்த மூன்றும் வேண்டியபடியே வந்தன. மிச்சம் இரண்டு.

"டி. நாலு. மருந்து."

"ஏறல."

"நல்லாப் பாரு."

"ஏறல மேடம்."

"ஏ. ஏழு. சலைன்."

"ஏறியிருக்கு."

பேராசிரியர் தாளைக் கீழே வைத்தார். மருந்து போட்ட நாலில் மூன்று ஏறியிருக்கிறது. போடாத நாலில் ஒன்று ஏறியிருக்கிறது. எட்டு எலியில் இப்படி வந்தால் காசைச் சுண்டிப் பார்த்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்த இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தால் நாலுக்கு நாலு, சுத்தமான விடை. இருவரும் அதைச் சொல்லாமலே பார்த்துக்கொண்டார்கள்.

"நாலும் ஏழும் ஒரே கூண்டா?"

"மூணாவது கூண்டு."

கூண்டறைக்காரரைக் கூப்பிட்டார்கள். இருபது வருடமாக எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்கிறவர். இந்தக் கட்டடத்தில் ஏசி வேலை செய்யும் ஒரே அறை எலிகளுடையது என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

"மூணாவது கூண்டா மேடம்? அதுக்குச் சண்டைக் கூண்டுன்னே பேரு வச்சிருந்தேன். ஒண்ணு காதை ஒண்ணு கடிச்சு வச்சிருக்கும். எங்க வீட்ல ரெண்டு சம்பந்தியும் ஒரே ரூம்ல தங்கின மாதிரி" என்று சிரித்தவர், அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "தம்பிகிட்டகூட அன்னைக்கே சொன்னேன். காது கிழிஞ்சிருக்குன்னு."

பேராசிரியர் அவன் பக்கம் திரும்பினார்.

எலிகளுக்குக் காதுதான் அடையாள அட்டை. பிறந்த மூன்றாவது வாரத்தில் காதோரம் சின்னதாக வெட்டுவார்கள். வெட்டின் இடமும் எண்ணிக்கையும்தான் எலியின் எண். நாலாம் எலிக்கு இடது காதில் ஒரு வெட்டு. ஏழாம் எலிக்கு அதே காதில் இரண்டு. ஒரு கடி போதும், நாலு ஏழாகிவிடும். இரண்டு வெட்டுக்கு நடுவே கிழிந்து ஒன்றானால் ஏழு நாலாகிவிடும்.

"இதான் விஷயம்" என்றார் பேராசிரியர். "நடுவுல ஏதோ ஒரு நாள் மாறியிருக்கு. அதுலேருந்து நாலோட மருந்து ஏழுக்குப் போயிருக்கு. யார் தப்பும் இல்ல. எந்த ஆய்வகத்துலயும் நடக்கறதுதான்." கண்ணாடியைத் தேடினார். தலையில் தொட்டுப் பார்த்து இறக்கினார். "அவ உங்கிட்ட இதப் பத்தி எதாவது சொன்னாளா?"

"ஞாபகமில்ல மேடம்."

வாயில் வந்தது அதுதான்.

"ரெண்டையும் விட்டுட்டா?" என்று கேட்டான்.

"மூணுக்கு மூணு. எதுக்கும் பத்தாது. உனக்கே தெரியும்."

"திரும்பச் செஞ்சா?"

"எட்டு மாசம். மைனாவோட டாக்டர் வெள்ளிக்கிழமை அறிக்கை கேக்கறார்." குரலைத் தணித்தார். "இது அவளோட வேலைப்பா. கட்டுரையில அவ பேர்தான் முதல்ல வரும். நான் முடிவு பண்ணிட்டேன்."

சாயங்காலத்துக்குள் ஒரு தாளில் நாலு வரி தட்டச்சு செய்து தந்தார். காது கிழிந்ததால் நான்காம், ஏழாம் எலிகளின் அடையாளம் மாறிவிட்டது. பட்டியல் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்றில் போட்டிருந்தார். இன்னொன்று அவனுக்கு. அந்த எலிகளில் வேலை செய்த இருவரில் உயிரோடிருப்பது அவன்தான்.

அவனுக்கு எல்லாம் ஞாபகமிருந்தது.

அன்று, அவள் விழுந்த அன்று, கூண்டறைக்காரர் நடைபாதையில் அவனை நிறுத்திக் காது கிழிந்த விஷயத்தைச் சொன்னார். அவன் உடனே மனைவிக்குப் போன் செய்தான். கீழ்த்தளத்தில் மூளை எடுத்துக்கொண்டிருந்தாள். பதினொன்று பத்து. பேசியது நாற்பது விநாடி. போனின் அழைப்புப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. எந்த எலிக்கு மருந்து, எதற்கு உப்புநீர் என்று கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. நாலும் ஏழும் மாறியிருக்குமோ என்று மட்டும் கேட்டான். மாறவில்லை என்றாள். எப்படித் தெரியும் என்பதையும் சொன்னாள். மதியம் நோட்டில் எழுதியிருப்பாள். மதியம் அவளுக்கு வரவில்லை. பதினொன்றரைக்குத் தட்டு விழுந்த சத்தம் கேட்டு, தரை துடைக்கும் அம்மா ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார்.

அதற்கப்புறம் அவள் யாரோடும் எதுவும் பேசவில்லை. ஆக, அவள் கடைசியாகப் பேசியது அந்த நாற்பது விநாடிதான். எலியைப் பற்றி.

மருத்துவமனை வராந்தாவில் மாமியார் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கடைசியா உங்கிட்டதான பேசியிருக்கா. என்ன சொன்னா? எம்பொண்ணு என்ன சொன்னா?" ஒரு தாயிடம் எலிக் காதைப் பற்றி என்னவென்று சொல்வது. வாய் தானாகவே சொன்னது: "தங்கச்சியையும் மைனாவையும் பாத்துக்கோன்னு சொன்னா." மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுததில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. அது வாய் மாறி, வீடு மாறி, உறவு முழுக்கப் பரவிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் அவனிடமே அதைத் திருப்பிச் சொன்னார்கள். சாவு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு பாருங்க என்றார் ஒருவர். அவன் தலையாட்டினான்.

வியாழக்கிழமை காலை அதே அலாரம், அதே பால், அதே பேருந்து. அவளுடைய நோட்டை எடுத்துப் புரட்டினான். பதினாலு நாளும் எண், எடை, நேரம். அடையாளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எடையை வைத்துப் பிரிக்கலாமா என்று பார்த்தான். நாலு இருபத்தொன்று கிராம், ஏழு இருபத்தொன்றரை. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தீர்ந்துபோகும் வித்தியாசம். ஊசியில் எது போனது என்று மூன்று மாதம் கழித்துச் சோதித்துச் சொல்லவும் வழியில்லை. உடல்கள் அன்றே எரிகலனுக்குப் போய்விட்டன.

கூண்டறையின் வாசலில் அவளுடைய வெள்ளை அங்கி இன்னும் கொக்கியில் தொங்கியது. சலவைக்குப் போட யாருக்கும் கை வரவில்லை. பையில் கைவிட்டான். ஒரு கறுப்பு மார்க்கர். நுனி நசுங்கிப் பூப்போல விரிந்திருந்தது. கண்ணாடியில் எழுதினால் நுனி அப்படி ஆகாது.

"அண்ணே, அந்த மூணாவது கூண்டு எலிங்க மேல எங்கயாவது மை பாத்தீங்களா?" என்று கூண்டறைக்காரரிடம் கேட்டான்.

"மையா? தெரியலியே தம்பி. உங்க சம்சாரம் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன். என் கையால தீனி வச்சா எலி கொழுத்துப்போவுதுன்னு திட்டும்." கொஞ்ச நேரம் யோசித்தார். "இருந்திருக்கலாம். நான் பாத்தேன்னு எப்படிச் சொல்றது."

அவரும் நேர்மையான மனிதர்தான். அன்று அது உதவவில்லை.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாலரை மணிக்கே கிளம்பினான். மூன்று மாதத்தில் முதல்முறையாக வேறு பேருந்து ஏறினான்.

மச்சினியின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, ஓடாது. மைனாவைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியே மச்சினிக்கு இருபத்தெட்டு வயதில் இடுப்பு போய்விட்டது. கணவனுக்கு வெளியூர் வேலை, மாதம் இருமுறை வருவான்.

"வாங்க, எலி டாக்டர்" என்று கதவைத் திறந்தாள். "வழி தெரிஞ்சுதா? மூணு மாசத்துல இது ரெண்டாவது வாட்டி. இதான் மாமா உங்க ஊர்ல பாத்துக்கிறதா?"

"ஊர்லாம் ஒண்ணுதான்" என்றான்.

"பேச்சு வந்துடுச்சு. நல்ல சகுனம்."

மைனா ஜன்னலோரம் பெல்ட் வைத்த நாற்காலியில் இருந்தாள். முழங்கை மடங்காமல் இருக்கத் துணி உறை மாட்டியிருந்தது. கழற்றினால் கைகள் ஒன்றையொன்று தேடிப் போய்ப் பிசைய ஆரம்பித்துவிடும், தோல் உரியும்வரை. அவளிடம் மிச்சமிருப்பது கண்கள்தான். அவன் வந்ததிலிருந்து அவன் முகத்தைவிட்டு அவை நகரவில்லை. அவளுடைய பெரியம்மாவும் இப்படித்தான் பார்ப்பாள், பதில் வரும்வரை.

மச்சினி தட்டில் மசித்த பழத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஊட்டியபடியே பேசினாள்.

"மேடம் போன் பண்ணாங்க. நல்ல விடைன்னாங்க. உங்க கையெழுத்துதான் பாக்கியாம்." கரண்டியைப் பிள்ளையின் உதட்டில் தொட்டு, வாய் திறக்கக் காத்திருந்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர். மாசாமாசம் ரத்தம் எடுத்து லிவர் பாக்கணுமாம். பாத்துக்கலாம். இவளுக்கு ஊசின்னா பயமே இல்ல, எனக்குத்தான்."

"மாத்திரை வாங்கிட்டியா?"

"சீட்டு இல்லாம யாரு குடுப்பா? குடுத்திருந்தா வாங்கியிருப்பேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மாமா, ஒண்ணு கேக்கவா? அக்கா குரல் எனக்கு மறந்துட்டே வருது. போன்ல இருக்கிறதெல்லாம் பொறந்தநாள் பாட்டுதான், கூட்டத்தோட கூட்டமா. அவ மட்டும் பேசுறது ஒண்ணுகூட இல்ல. கடைசியா உங்ககிட்ட சொன்னாளே, எங்களப் பாத்துக்கோன்னு. அத அவ சொன்ன மாதிரியே ஒருதடவை சொல்லுங்களேன். அப்பிடியே. அவ இழுக்கிற மாதிரி."

அவன் வாயைத் திறந்தான். அந்த வாக்கியத்தை அவள் குரலில் போட்டுப் பார்த்தான். ஒட்டவில்லை. அவள் 'பாத்துக்கோ' என்று யாரையும் யாரிடமும் ஒப்படைத்ததே கிடையாது. எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்வாள்.

"அவ அப்படிச் சொல்லல" என்றான்.

"என்ன?"

"நான்தான் சொன்னேன். உங்கம்மா கேட்டாங்க. வாயில வந்துது."

கரண்டி நின்றது. மைனா திறந்த வாயோடு காத்திருந்தாள்.

"அப்ப அவ எங்களப் பத்தி எதுவுமே சொல்லலியா?"

"வேலையப் பத்திப் பேசினா. எலியப் பத்தி."

பையிலிருந்து தாளை எடுத்து விரித்தான். காது வெட்டைச் சொன்னான். மூணாவது கூண்டைச் சொன்னான். மேடம் திருத்தியதையும், திருத்தாவிட்டால் விடை என்னவாகும் என்பதையும் சொன்னான். நீண்ட நாளைக்கப்புறம் இவ்வளவு பேசியதில் தொண்டை வறண்டது. மச்சினி குறுக்கே பேசாமல் கேட்டாள். அக்காவோடு வளர்ந்தவள். எலிக்கணக்கு அவளுக்குப் புதிதல்ல.

"மாறலன்னு அக்கா சொன்னா."

"ஆமா."

"உங்ககிட்ட மட்டும்."

"ஆமா."

"நோட்ல இல்ல. மேடத்துக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

அவன் தாளின் மடிப்பை நீவினான்.

"அப்ப ஏன் மாமா?" குரல் ஏறவில்லை, இறங்கியது. "மூணு மாசம் எங்கம்மாகிட்ட ஒரு பொய்யச் சொல்லிட்டு நல்லாத்தான இருந்தீங்க. இன்னொரு பொய் வராதா உங்க வாயில? ஒரு கையெழுத்து. மறந்துட்டேன்னு நெனச்சுக்கோங்க. மனுஷன் மறக்கிறதில்லையா?"

"மருந்து வேலை செய்யலன்னு நான் சொல்லல. செய்யுதான்னு தெரியாதுன்னுதான் சொல்றேன். தெரியாம இவ லிவரை..."

"இவ லிவரப் பத்தி நீங்க எனக்குச் சொல்லாதீங்க." தட்டை ஓரமாக வைத்தாள். "காலைலேருந்து மூணு தடவை இவளுக்கு வலிப்பு. நேத்து ரெண்டு. நீங்க எட்டு மாசம்னு சொல்றீங்க. எட்டு மாசத்துல இவகிட்ட இன்னும் என்னென்ன போகும்னு தெரியுமா? இப்ப கண்ணு மட்டும்தான் இருக்கு."

அவன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டட்டும் என்று இருந்தது. திட்டினால் ஏதாவது உறைக்குமா என்றும் பார்த்தான். உறைத்தது.

"கோவப்படு. நியாயம்தான். ஆனா நான் இதுல கையெழுத்துப் போட்டா, அவ தப்பா ஊசி போட்டான்னு எழுதிக் குடுக்கிற மாதிரி. அவ போடல. எனக்குத் தெரியும்."

மச்சினி எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் வரவில்லை. மைனாவின் முகவாயில் பழம் வழிந்திருந்தது. அவன் துண்டை எடுத்துத் துடைத்தான். அவள் கண் அவன் கையோடு போய், கையோடு திரும்பி வந்தது.

குழாய் நின்றது. மச்சினி முகம் கழுவி, ஈரத்தோடு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"இவ கடைசியா சொன்ன வார்த்தை என்னன்னு தெரியுமா உங்களுக்கு? 'லைத்து'. டியூப்லைட்டப் பாத்து. அம்மான்னு சொல்லல. எத்தனையோ பேர் கேட்டாங்க, அம்மான்னு கடைசியா எப்பச் சொன்னான்னு. லைத்துன்னுதான் சொன்னா, அதான் கடைசின்னு சொல்லிடுவேன். வலிக்கும். ஆனா அது இவ சொன்னது. நான் சொன்னதில்ல."

அவன் தலையசைத்தான்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்க வந்து சொல்லுங்க. என்னால முடியாது."

"வரேன்."

"அம்மாகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

"ம்."

அவள் வந்து மைனாவின் நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் கை உறையைக் கழற்றி, இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள், பிசையவிடாமல்.

"சரி, இப்பச் சொல்லுங்க. நீங்க கேட்டது வேண்டாம். அவ சொன்னது மட்டும். அவ சொன்ன மாதிரியே."

அவன் தாளை நாலாக மடித்தான். மைனா அவன் வாயையே பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, மனைவி எப்போதும் அவசரத்தில் பேசும் அந்த வேகத்தில், ஒரு சொல்லும் விடாமல் சொன்னான்.

"மாறல. காது கிழிஞ்சா என்ன, நான் முதல் நாள்லேருந்தே வால்ல கோடு போட்டுத்தான வச்சிருக்கேன், அழிய அழியப் போடுறேன். நாலு நாலுதான், ஏழு ஏழுதான். போன வை, கிளவுஸோட பேசிட்டிருக்கேன்."